சாவடிக்கு முன்னால் இறங்குகிறவர்கள்

செல்லத்தாய் தலைகளை எண்ணாமல் ஜீப்பில் ஏறுவதில்லை. பெரும்பாலும் இருபத்தொன்று. மழை நாளில் ஒன்று குறையும். எண்ணி முடித்த பிறகுதான் காலைத் தூக்கி வைப்பாள். எதற்கு எண்ணுகிறாய் என்று ராசிங்காபுரத்தில் யாரும் அவளைக் கேட்பதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் மலைப்பாதையின் பதினோராம் வளைவில் அவள் தங்கை பொன்னுமணி பின்படியிலிருந்து விழுந்து செத்தாள். அன்று ஜீப் கவிழவில்லை. எதிலும் மோதவும் இல்லை. வளைவில் திரும்பியது, படியில் நின்றவளைக் காணோம். அடுத்த வளைவு வரை யாரும் டிரைவரிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தோம், குரல் வரவில்லை என்றார்கள் பிறகு.

செல்லத்தாய்க்கு நாற்பத்தாறு வயது. இருபத்தேழு வருடமாக மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறாள். காலை ஐந்தரைக்கு ராசிங்காபுரம் பஸ் நிறுத்தத்தில் ஆறு ஜீப்புகள் நிற்கும். போடி வழியாக மலையேறி, மாநில எல்லை தாண்டி, எட்டு மணிக்குத் தோட்டத்தில் இறக்கிவிடும். ஏலச்செடியின் காய் தலைக்கு மேல் தொங்குவதில்லை. தூரில், மண்ணோடு படர்ந்த சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். மாலையில் நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது ஜீப்தான்.

ஜீப்பில் இடம் வயதைப் பார்த்துக் கிடைப்பதில்லை. எத்தனை வருடமாக வருகிறாள் என்பதைப் பார்த்துக் கிடைக்கும். எதிரெதிர் பெஞ்சுகளில் ஆறு ஆறாகப் பன்னிரண்டு பேர் பழையவர்கள். அவர்கள் காலடியில், தரையில், நான்கு பேர். பின்பலகையைக் கீழே இறக்கிச் சங்கிலியில் மாட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு நான்கு பேர். கடைசியாக வேலைக்கு வந்தவள் படியில் நின்று மேல்கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்குப் பின் ஒருத்தி வந்துவிட்டால் பலகையில் உட்காரலாம். யாராவது வேலையை விட்டு நின்றுபோனால் எல்லோரும் ஓரிடம் முன்னே நகர்வார்கள். தன் இடத்தை ஒருத்தி தானாக இன்னொருத்திக்குக் கொடுக்க முடியாது. செல்லத்தாய் எழுந்தால் அந்த இடம் பக்கத்தில் உட்காரும் சந்திரவல்லிக்கு. பெற்ற மகளே வந்தாலும் அவளுக்கு இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் ஒரு ஜீப்புக்குப் பன்னிரண்டு தலைக்கு மேல் விடமாட்டார்கள். சாவடி கண்ணில் படுமுன்பே ஜீப் நிற்கும். தரையிலும் பலகையிலும் படியிலும் இருக்கும் ஒன்பது பேர் இறங்கி, தென்னந்தோப்புக்குள் நடந்து, சாவடியைத் தாண்டி ஒரு மதகின் அருகே மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஆறு ஜீப்புக்கு ஐம்பத்துநாலு பேர். இருட்டில் தூக்குவாளிகள் இடிபடும் சத்தம் மட்டும் கேட்கும். இதை வெளியாளிடம் சொல்லக்கூடாது. முன்பு ஒருத்தி யாரிடமோ சொல்லி, பன்னிரண்டு நாள் ஜீப்பே ஓடவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளை அவள் சாகும்வரை சொல்லிக் காட்டினார்கள்.

ஆடியில் செல்லத்தாயின் மகள் பவதாரணி வேலைக்கு வந்தாள். கல்லூரி முடித்திருந்தாள். அடுத்த ஆனிக்குள் கோயம்புத்தூரில் லேப் படிப்பில் சேர வேண்டும் என்றாள். அதுவரை சும்மா இருந்தால் பணம் சேராது என்றாள்.

"படியில நிக்கணும்டி."

"தெரியும்."

"ஒஞ் சித்தி நின்ன படி."

"வேற ஜீப்பு இருக்கா நம்மூருக்கு? இருந்தாச் சொல்லு, அதுல போறேன்."

அப்பன் ஜக்கையன் பக்கத்து ஊர் தேவாரத்தில் ஒரு தோப்பில் யானை புகாமல் காவல் இருப்பவன். வாரம் ஒருமுறை வருவான். அவனும் மகள் பக்கம். முதல் நாள் பவதாரணி அப்பனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு படியில் ஏறினாள். செல்லத்தாய் டிரைவருக்குப் பின்னால், பெஞ்சின் முதல் இடத்தில் இருந்தாள். நடுவில் பத்தொன்பது பேர். மகளின் கை மட்டும் தெரிந்தது, கம்பியில். பதினோராம் வளைவு வரும்போது அந்தக் கையைப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் அதைத்தான் பார்த்தாள்.

ஆவணியில் தஸ்னீம் வந்தாள். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மொய்னுதீனின் மகள். மதுரையில் ஆராய்ச்சி படிக்கிறாள். விடியுமுன் ஸ்கூட்டரில் வந்து, நிறுத்தத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். உங்க பக்கத்துல யார் உக்காருவாங்க. யார்கிட்ட அதிகம் பேசுவீங்க. போன வாரமும் அவங்கதானா.

"எம் புருசன்கூட நான் யார்கிட்டப் பேசுறேன்னு இப்பிடித் தோண்டித் தோண்டிக் கேட்டதில்லடியம்மா," என்றாள் சந்திரவல்லி. "பொண்ணு பாக்க வந்தியா, துப்புப் பாக்க வந்தியா?"

"கணக்குப் பாக்க வந்தேன்க்கா. ஒரு புதுப் பழக்கம் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு எப்பிடிப் போகுதுன்னு. ஆளுங்க புள்ளி. பேச்சுவார்த்தை கோடு. பழக்கம் கோட்டு வழியா நடக்கும். கோடு தெனம் மாறும். மாறுறதையும் சேத்து எழுதுனா, எது எங்க போய் நிக்கும்னு முன்கூட்டியே பாக்கலாம்."

"நல்ல பழக்கமா, கெட்டதா?"

"கம்ப்யூட்டருக்கு அது தெரியாது."

"எங்க கங்காணிக்குந் தெரியாது," என்றாள் சந்திரவல்லி. எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி மொக்கச்சாமியும் சிரித்தார்.

செல்லத்தாய் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போய் மொய்னுதீன் கடையைத் தேடிக் கண்டுபிடித்தாள். பின்கட்டில் பெண்கள் காயைச் சலித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தஸ்னீம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணு பரவணும், பாப்பா," என்றாள் செல்லத்தாய். "பின்பலகையில ஆள் ஏறுன ஜீப்புல நாங்க ஏற மாட்டோம்னு எல்லாரும் நிக்கணும். மொதல்ல எத்தன பேரு நிக்கணும், யாருயாரு, ஒன் பொட்டிக்குத் தெரியுமா?"

தஸ்னீம் மடிக்கணினியைத் திறந்தாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். நூற்றிருபத்தாறு புள்ளிகள். புள்ளிகளுக்கிடையில் நூலாம்படை மாதிரிக் கோடுகள். அரை மணி நேரம் எதையோ தட்டினாள். ஆறு புள்ளிகள் சிவந்தன. ஜீப்புக்கு ஒன்று. அதிகம் பேசுகிறவர்கள், அதிகம் பேரிடம் பழகுகிறவர்கள். அந்த ஆறிலிருந்து சிவப்பு கிளம்பிப் பக்கத்துப் புள்ளிகளில் ஏறியது. எல்லாம் சிவந்து முடிந்தபோது செல்லத்தாய் கையைத் திரையின் மேல் வைத்துவிட்டாள்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரி," என்றாள்.

"அதேதான்க்கா. பானைக்கு ஒரு கரண்டி."

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. ஆறு பேரையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தாள். சிவந்தவர்களில் அவளும் ஒருத்தி. சந்திரவல்லிக்கும் செல்லத்தாய்க்கும் ஒரே ஜீப் என்பதால் சந்திரவல்லி அதில் இல்லை. ஐந்தாவது ஜீப்பின் முத்துப்பிரியாதான் எல்லோரிலும் சின்னவள், தரையில் உட்காருகிறவள். ஆனால் வாய் ஓயாமல் பேசுவாள். ஆறு பேரும் சம்மதித்தார்கள். திங்கட்கிழமை என்று முடிவானது.

திங்கட்கிழமை ஜீப்புகள் உறுமிக்கொண்டு நின்றன. செல்லத்தாய் தன் டிரைவர் சின்ராசுவின் ஜீப் முன்னால் நின்றாள். எண்ணினாள். அவளைத் தவிர இருபது பேரும் ஏறிவிட்டார்கள்.

"பலகையில ஆள் இருந்தா நான் ஏறல," என்றாள்.

சின்ராசு தலையை வெளியே நீட்டினான். "என்ன மதினி, பெரிய மனுசி ஆயிட்டீகளா? வெரசா ஏறுங்க."

"ஏறல."

"ஏ செல்லத்தாயி, நேரமாச்சு," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "எடம் வச்சிருக்கவளுக்கு என்னடி வந்துச்சு?" என்றது இன்னொன்று. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். முன் ஜீப் நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே நிற்க வேண்டியவள் ஏறிவிட்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கும் ஏறியாயிற்று. படியில் நின்ற பவதாரணி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, ஏறு. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள்.

செல்லத்தாய் ஏறினாள்.

ஐந்தாவது ஜீப்பில் முத்துப்பிரியா மட்டும் ஏறவில்லை. மற்றவர்களும் நிற்கிறார்கள் என்று நம்பி நின்றாள். ஆறு ஜீப்பும் போன பிறகு காலியான நிறுத்தத்தில் தூக்குவாளியோடு நின்றாள். மறுநாள் மொக்கச்சாமி அவள் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை.

செல்லத்தாய் அவள் வீட்டுக்குப் போனாள். முத்துப்பிரியா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏறிட்டீங்களாம்ல," என்றாள் நிமிராமல்.

"ஏறிட்டேன்."

"அப்பச் சரி," என்றாள் முத்துப்பிரியா. அடுத்த துணியை எடுத்து அடித்தாள். எப்போதும் வாய் ஓயாதவள்.

அடுத்த ஞாயிறு செல்லத்தாய் மறுபடி போடிக்குப் போனாள்.

"தயிரு இல்ல பாப்பா இது. எந் தங்கச்சி விழுந்த சேதி இருக்கே, நாங்க அவளத் தூக்கிட்டு எறங்குறதுக்குள்ள தேவாரத்துக்குப் போயிருச்சு. சேதிக்கு ஒருத்தி போதும். இது அப்பிடி இல்ல. நான் நிக்கிறேன். இங்கிட்டுப் பாக்குறேன், ஏறிட்டா. அங்கிட்டுப் பாக்குறேன், ஏறிட்டா. தெரியாமலா ஏறுறோம்? எல்லாருக்குந் தெரியும். தனியா நிக்க முடியல."

தஸ்னீமின் முகம் சிறுத்துப்போனது. முத்துப்பிரியாவைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"எத்தன பேர் நின்னா நீங்க நின்னுருப்பீங்க?"

செல்லத்தாய் யோசித்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "எனக்கு முன்னால ரெண்டு பேரு நின்னாப் போதும். மூணாவதா நிப்பேன்."

தஸ்னீம் திரையில் அதை எழுதினாள். பக்கத்துப் புள்ளிகள் இரண்டு சிவந்தால்தான் ஒரு புள்ளி சிவக்கும். ஆறையும் சிதறவிட்டபோது எதுவும் நடக்கவில்லை. ஆறும் அணைந்தன. அதில் மூன்றை ஒரே ஜீப்பில் சேர்த்துவிட்டாள். அந்த ஜீப் முழுதும் சிவந்தது, பிறகு பக்கத்து ஜீப்.

"போன வாரமே இதக் கேட்டிருக்கணும்," என்றாள் தஸ்னீம் மெதுவாக.

இந்த முறை சின்ராசுவின் ஜீப்பில் ஏறாமல் செல்லத்தாயும் சந்திரவல்லியும் இன்னொருத்தியும் சேர்ந்து நின்றார்கள். நான்காவதாக ஒருத்தி இறங்கினாள். பிறகு மூன்று பேர். பெஞ்சில் பாதி காலியானதும் மொக்கச்சாமி ஓடிவந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையா? ஏழாவது ஜீப்பு கேட்டுக் கேட்டு நாக்கு தேஞ்சுபோச்சு. மொதலாளி தரமாட்டேங்கிறாரு. சரி, பலகை ஆளுக எறங்குங்க. போங்க."

பதினாறு பேரோடு ஜீப் கிளம்பியது. பலகை மேலே தூக்கிப் பூட்டப்பட்டிருந்தது. போடி தாண்டித்தான் செல்லத்தாய் திரும்பிப் பார்த்தாள். இறக்கிவிடப்பட்ட ஐந்து பேரையும் மற்ற ஜீப்புகளில் ஏற்றியிருந்தார்கள். பின்னால் வந்த ஜீப்பின் படியில் இரண்டு பேர் தொங்கினார்கள். அதில் ஒருத்தி பவதாரணி. பதினோராம் வளைவில் இந்த முறை கைகூடத் தெரியவில்லை.

இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் மொக்கச்சாமி ஒரு தாளோடு வந்தார். யார் எந்த ஜீப் என்று பெயர் கூப்பிட்டு ஏற்றினார். செல்லத்தாய் ஒன்றில், சந்திரவல்லி நான்கில். மறுநாள் வேறு மாதிரி. அதற்கு மறுநாள் வேறு. பக்கத்தில் இருப்பவள் நேற்று இருந்தவள் இல்லை. கண்ணைப் பார்த்துக் கேட்குமுன் ஜீப் நகர்ந்தது.

தஸ்னீம் அதையும் எழுதிப் பார்த்தாள். தினமும் கோடுகள் அறுந்து வேறிடத்தில் முளைத்தன. சிவப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகுமுன் அணைந்தது. அவள் இருபது தடவை, முப்பது தடவை ஓட்டினாள்.

"தெனம் கலைச்சா பரவாதுக்கா. உங்க கங்காணிக்கு இது எப்பிடித் தெரிஞ்சது?"

"சீட்டு வெளையாடுவாரு."

"எல்லாரும் மாறாம ஒண்ணா இருக்க எடம் எங்கயாச்சும் இருக்கா? தோட்டத்துல, சாப்புடுற எடத்துல, போற வழியில? அவர் கலைக்க முடியாத எடம்?"

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். தென்னந்தோப்பு நினைவுக்கு வந்தது. கூடவே அந்தப் பன்னிரண்டு நாளும் வந்தது. இந்தப் பெண் எழுதுவாள். எழுதினால் யாராவது படிப்பார்கள்.

"இல்ல பாப்பா," என்றாள். "அப்பிடி எடம் இல்ல."

தஸ்னீம் கணினியை மூடினாள். அந்த வாரமே மதுரைக்குத் திரும்பினாள்.

இருபது வருடமாகச் செல்லத்தாய் அந்தத் தோப்பில் நடந்ததில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் இறங்க வேண்டியதில்லை. மறுநாள் காலை சாவடியருகே ஜீப் நின்றபோது, இறங்கிப் போகிறவர்களைக் கம்பி வழியாகப் பார்த்தாள். ஆறு ஜீப்பிலிருந்தும் இறங்கியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து தோப்புக்குள் போனார்கள். நேற்றும் இவர்கள்தான். முந்தாநாளும் இவர்கள்தான். மொக்கச்சாமி ஜீப்புகளை எப்படிக் கலைத்தாலும் புதியவள் புதியவள்தான். அவள் இறங்கித்தான் நடக்க வேண்டும். அந்த ஐம்பத்துநாலு பேரை மட்டும் அவரால் கலைக்க முடியவில்லை. பழையவர்களின் வாயைப் பிடித்துக்கொண்டு அலைந்தோமே, விழப்போகிறவர்கள் தினமும் ஒன்றாக நடக்கிறார்களே என்று நினைத்தாள். நடுவில் மகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கியது. மொக்கச்சாமி தாளை மடித்து வைத்தார். அவரவர் பழைய ஜீப்புக்குத் திரும்பினார்கள். அன்று செல்லத்தாய் தன் இடத்தில் உட்காரவில்லை.

"நான் எடத்த விட்டேன்," என்றாள்.

இருபத்தேழு வருடம் நகர்ந்து நகர்ந்து பிடித்த இடம்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் சந்திரவல்லி. ஆனால் எழுந்து அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். எல்லோரும் ஒன்று நகர்ந்தார்கள். பவதாரணிக்குப் பலகையின் ஓரம் கிடைத்தது. இடத்தை விட்டவள் கடைசி. செல்லத்தாய் படியில் நின்றாள்.

அவள் நின்ற முதல் நாள் பதினோராம் வளைவில் கம்பி ஈரமாக இருந்தது. பொன்னுமணியின் கை எப்படி நழுவியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டாம் என்றிருந்தது.

பத்து நாள் தோப்பில் நடந்தாள். முதலில் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "பெரியம்மாவுக்குப் பதவி எறக்கம்," என்றாள் ரோஜா. அவளும் பலகைக்காரிதான். பிறகு கேட்கத் தொடங்கினார்கள். செல்லத்தாய் ஒன்றைத்தான் சொன்னாள். மதகுக்கிட்ட மறுபடி ஏறாம ஒக்காந்துருவோம். தனியா இல்ல, எல்லாரும். பலகைக்கு ஆள் இல்லாம பெஞ்சுக்காரங்கள மட்டும் கூட்டிட்டுப் போயி என்ன காய் எடுப்பாங்க? ரோஜா முதலில் சரியென்றாள். ஐம்பத்துநாலு பேரில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பவதாரணி அந்த ஒன்பதில் இல்லை.

வீட்டில் செல்லத்தாய் கேட்டாள். "நீ ஒக்காருவியா?"

"நீ ஏறுனியே," என்றாள் மகள்.

"நீதான ஏறச் சொன்ன."

"நான் சொன்னா ஏறிருவியா?"

பவதாரணி விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆனி வரைக்கும்மா. ஆனி வரைக்கும் நான் கெட்டியாப் புடிச்சுக்கிறேன். அப்பறம் நான் இந்தப் பக்கமே வரல."

முடிவு செய்திருந்த செவ்வாய்க்கிழமை தூறலாக இருந்தது. செல்லத்தாய் தோப்பிலிருந்து வெளியே வந்தபோது மதகுச் சுவரில் முத்துப்பிரியா உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்சில் வந்திருந்தாள்.

"எனக்குத்தான் வேற சோலி இல்லையே," என்றாள்.

செல்லத்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜீப்புகள் சாவடியைக் கடந்து வந்து வரிசையாக நின்றன. ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் உட்காருவது என்று பார்த்தார்கள். சின்ராசு ஹாரன் அடித்தான்.

"என்ன மதினி, காலு வலிக்குதா? தூக்கிவிடணுமா?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எல்லாம் கலைந்தது. ஒருத்தி ஓடிப்போய் ஏறினாள். பிறகு இருவர். ரோஜா செல்லத்தாயிடம் குனிந்து, "நாளைக்குப் பெரியம்மா, சத்தியமா நாளைக்கு," என்றாள். பவதாரணி தாயைப் பார்க்காமல் போய்ப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மொக்கச்சாமி இறங்கி வந்தார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார். "ஏத்தா, பேரை அடிச்சிருறேன். எனக்கு வேற வழியில்ல."

"அடிங்கண்ணே."

ஜீப்புகள் போயின. தூறலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முத்துப்பிரியா தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாளும் முதல் பஸ்சில் போனார்கள். செல்லத்தாய் விட்ட இடத்துக்கு மொக்கச்சாமி அதற்குள் ஓர் ஆளைக் கொண்டுவந்திருந்தார். தேவாரம் பக்கத்துப் பெண். பதினெட்டு இருக்கும். அவள் படியில் நின்றாள். ரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். செல்லத்தாய் மதகிலிருந்து எண்ணினாள். இருபத்தொன்று.

வீட்டில் பவதாரணி பேசவில்லை. மூன்றாம் நாள்தான் வெடித்தாள். "தெனம் அங்கன வந்து ஒக்காந்து எம் மானத்த வாங்காத. ஜீப்பே சிரிக்குது."

"நான் ஒன்னைய எண்ணத்தான் வர்றேன்."

அன்று தஸ்னீம் போன் செய்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு," என்றாள் செல்லத்தாய். பிறகு, "ஒன்கிட்ட ஒண்ணு மறைச்சேன், பாப்பா," என்று தோப்பைப் பற்றிச் சொன்னாள்.

அந்தப் பக்கம் தஸ்னீம் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, அது மொதல் நாளே தெரிஞ்சிருந்தா அவங்ககிட்டதான் ஆரம்பிக்கணும்னு வந்திருக்கும். முத்துப்பிரியா அக்காவத் தனியா நிறுத்தியிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் செல்லத்தாய். தஸ்னீம் பேசி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

நான்காம் நாள் மாலை பவதாரணி வந்தபோது சட்டையின் வலது கை தோளோடு கிழிந்திருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. செல்லத்தாய் மஞ்சள் குழைத்து எடுத்து வந்தாள். மகள் கையை நீட்டினாள். என்னவென்று தாய் கேட்கவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டாள்.

"அதே வளைவு."

"நீயா?"

"நான் பலகையிலதான இருக்கேன். அவ. புதுசா வந்தவ. ஒரு கை விட்ருச்சு. சட்டையப் புடிச்சேன். அப்பறம் கையி. ஒருத்தி பின்னாலருந்து என்னையப் புடிச்சா. ஜீப்பு நிக்கல. யாருக்கும் கொரலு வரல. எனக்கும் வரல."

அன்று அவள் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் மழை இல்லை. தோப்பிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஜீப்புகள் வந்து நின்றன. பவதாரணி ஜீப்பின் பின்பக்கம் வரை போனாள். அவளுக்கான பலகையோரம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். தாயின் பக்கத்தில் இல்லை, முத்துப்பிரியாவுக்கு அந்தப் பக்கம்.

ரோஜா நின்றாள். மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். சின்ராசு ஹாரன் அடித்தான். இன்று யாரும் சிரிக்கவில்லை. ரோஜா ஏறினாள். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் ஏறிய பிறகுதான் ஏறினாள்.

மொக்கச்சாமி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "நீயுமாத்தா? படிச்ச புள்ள," என்றார். "போடியில ஆளுக்கா பஞ்சம்? நாளைக்கு இன்னொருத்தி வருவா."

ஜீப் கிளம்பியது. செல்லத்தாய் எண்ணினாள். இருபது. தேவாரத்துப் பெண்ணுக்கு இன்று பலகையோரம் கிடைத்திருந்தது. அவள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, ஜீப் வளைவில் மறையும்வரை இவர்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

மதகுக்குக் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் இனி மலைக்குப் போக முடியாது. ஆனிக்கு ஏழு மாதம் இருந்தது.

"அவ பேரு என்ன?" என்றாள் முத்துப்பிரியா.

பவதாரணி உரிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கையப் புடிச்சேன்," என்றாள். "பேரு கேக்கல."

"நாளைக்கும் நடந்துதான வருவா," என்றாள் செல்லத்தாய். "கேட்டுக்கலாம்."